மைக்கில் சொன்ன மலை

ஏனுங்க்கா, என்னையப் பாத்துச் சிரிச்சீங்களே, நீங்களும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தீங்களா?

இல்லீங்களா? பாப்பாவைப் பாத்துத்தான் சிரிச்சீங்களா? அப்பாடா! தப்பா நெனைச்சுக்காதீங்க. கொஞ்ச நாளாவே எனக்கு இப்படித்தான். யாரு சிரிச்சாலும் என்னையப் பாத்துச் சிரிக்கற மாதிரியே இருக்குது. முந்தாநாளு மளிகைக் கடையில ரெண்டு பொம்பளைங்க மலை, மலைன்னு என்னமோ பேசிச் சிரிச்சுட்டு நின்னாங்க. கட்டச் சொன்ன பருப்பை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அப்பறம் விசாரிச்சா, அவங்க பழனி மலைக்குப் போறதப் பத்திப் பேசிட்டிருந்திருக்காங்க.

நல்லா நகந்து உக்காருங்க. பாப்பா வாந்தியெல்லாம் எடுக்காது, பயப்படாதீங்க. அது இங்க உக்காந்திருந்த தம்பிகிட்ட பஸ் சன்னலோரம் கேக்கறதுக்காகச் சொன்னது. ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே. மத்தபடி எனக்குப் பொய்யெல்லாம் சுத்தமா வராதுங்க.

என் பேரு சுகந்தி. எங்க வீட்டுக்காரரு தனசேகரு, கல்யாண மண்டபத்துல பெரிய எல்.இ.டி. ஸ்கிரீன் கட்டற தொழில் பண்றாரு. மேடைக்குப் பின்னால செவுரு மாதிரி நிக்குமே, அதுல பொண்ணு மாப்பிள்ளை போட்டோவெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடுமே, அதுதான். அவருக்கு வயரு, பொட்டி, கம்ப்யூட்டரு எல்லாம் அத்துபடி. ஆனா நாலு பேரு முன்னால வாய் வராது. எனக்கு வர்றதே அது ஒண்ணுதான். அதனால மைக்கு எங்கிட்ட.

நான் எங்கூருப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. ஆனா மைக்கைப் புடிச்சா எப்படிப் பேசுவேங்கறீங்க! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேன் பஞ்சராகி நடுரோட்டுல நின்னுச்சுன்னா, "மணமகன் வீட்டார் குலதெய்வத்தை வணங்கிவிட்டு வந்துகொண்டிருக்கிறார்கள்"ன்னு சொல்லுவேன். சாம்பார் தீஞ்சு மறுக்கா வெக்கறாங்கன்னா, "சுடச்சுடப் பரிமாற வேண்டும் என்று மணமகளின் தாய்மாமன் அன்புக் கட்டளை இட்டிருக்கிறார்"ம்பேன். அந்தத் தாய்மாமன் எந்திரிச்சு நின்னு கும்பிட்டுக்குவாரு. அவருக்கும் சந்தோசம், பசியில இருக்கறவங்களுக்கும் சந்தோசம். இதுல யாருக்குங்க கெடுதல்? மண்டபக்காரரே சொல்லியிருக்காரு, "சுகந்தி மைக்குப் புடிச்சா சமையக்காரனுக்குப் பாதி பாரம் கொறையுது"ன்னு.

அப்படித்தானுங்க அந்தக் கல்யாணத்துக்கும் போனோம்.

பொண்ணு பேரு மேனகா. நல்ல புள்ளை. அப்பா இல்ல. அவங்கப்பா அத்தியப்பன், போர்வெல் வண்டி டிரைவரு. நம்ம பக்கத்து வண்டிங்க வடக்க எங்கெங்கயோ போயி மாசக்கணக்குல கெடக்கும்ல, அந்த மாதிரி வண்டி. இவ ரெண்டாப்புப் படிக்கறப்ப காய்ச்சலோட ஊருக்கு வந்தவரு, படுத்து எந்திரிக்கவே இல்ல. அம்மா பாவாயக்கா. தறி ஓட்டியே மகளைப் படிக்க வெச்சு, ஒரு நல்ல எடத்துல கட்டியும் குடுத்துட்டாங்க. மாப்பிள்ளை நூல் மில்லு ஆபீசுல வேலை.

கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் பாவாயக்கா எங்கிட்ட வந்தாங்க. நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிட்டிருந்தேன். சேலைத் தலைப்புக்குள்ள இருந்து ஒரு போட்டோ எடுத்தாங்க. போர் வண்டிப் படிக்கட்டுல ஒரு காலை வெச்சுக்கிட்டு, தோள்ல துண்டோட ஒரு ஆளு நிக்கறாரு. மேனகாவோட மூக்கு அப்படியே அவரு மூக்கு.

"அம்மிணி, மணவறையில இந்தப் படத்த வெக்கலாம்னு இருந்தேன். மாப்பிள்ளையோட பெரியப்பா, செத்தவங்க படம் மேடையில ஆகாதுன்னுட்டாரு. அவரு சொல்றதும் சரிதான்னு வெச்சுக்க. ஆனா உன்ற ஸ்கிரீன்ல சித்த நேரம் காட்டினா அது மேடையில வெச்சதாகாதுல்ல?"

"ஆகாதுங்க்கா. அது வெறும் வெளிச்சந்தானே"ன்னேன்.

"தாலி கட்டறதுக்கு முன்னால ஒரே ஒருக்கா. அவ திரும்பி ஒரு கும்பிடு போட்டுக்கட்டும். நான் மேடைக்கு வர்றதில்ல. அவராவது வரட்டும்."

இதைச் சொல்லிட்டு அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு, "அண்ணனை ஜம்முன்னு வரவெக்கறேன், நீங்க போயிப் படுங்க்கா"ன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன்.

இனிமேல்தானுங்க கம்ப்யூட்டர் சமாச்சாரம். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதா? பரவால்ல, நான் சொல்றது புரியும். எங்க வீட்டுக்காரரு ஒரு சின்ன ஃபைல் எழுதி வெச்சிருக்காரு. பேட்ச் ஃபைலுன்னு பேரு. அதை ரெண்டு தட்டு தட்டினாப் போதும், ஒரு கறுப்பு சன்னல் தொறக்கும். அந்த ஃபைலு எந்த ஃபோல்டர்ல நிக்குதோ அது, அதுக்குள்ள இருக்கற ஃபோல்டரு, எல்லாத்துலயும் இருக்கற போட்டோவைத் தேடி எடுத்து ஸ்கிரீன்ல ஓட்டிரும். எனக்கு வசதியா இருக்கட்டும்னுதான் எழுதினாரு. ஒரு கையில புள்ளை, ஒரு கையில மைக்கு, மிச்சம் இருக்கறது ஒரு வெரலுதானே.

அன்னிக்குப் போட்டோவெல்லாம் வேற ரூம்புல, வீடியோக்காரரு லேப்டாப்புல இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல கேபிள் இழுத்து, அந்த ஃபோல்டர் எங்க கம்ப்யூட்டர்லயும் தெரியறாப்பல பண்ணியிருந்தாங்க. நெட்வொர்க் ஃபோல்டர்னு சொல்லுவாங்க. அத்தியப்பண்ணன் போட்டோவையும் ஸ்கேன் பண்ணி அதுலயே போட்டாச்சு. ராத்திரி வரவேற்புல எங்க வீட்டுக்காரருதான் ஓட்டினாரு. ஒரு கொறையும் இல்ல.

காத்தால முகூர்த்த நேரத்துல கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டர் போட்டாங்க. எல்லாப் பொட்டியும் அணைஞ்சு மறுக்கா வந்துச்சு. ஜெனரேட்டர் என்னமோ இருமுதுன்னு எங்க வீட்டுக்காரரு கீழ ஓடிட்டாரு. அய்யரு அங்க அவசரப்படுத்தறாரு. பெரியப்பா வாட்ச்சையே பாக்கறாரு. பாவாயக்கா தூணுக்குப் பக்கத்துல நின்னு எம் மூஞ்சியவே பாக்கறாங்க.

நான் மைக்கை எடுத்தேன். "எல்லோரும் ஒரு நிமிடம் திரையைப் பாருங்கள்"ன்னேன். மேனகா மணவறையில இருந்து எந்திரிச்சுத் திரும்பி நின்னா. நான் அந்த நெட்வொர்க் ஃபோல்டரைத் தொறந்து, அதுக்குள்ள போட்டிருந்த ஃபைலை ரெண்டு தட்டு தட்டினேன். கறுப்பு சன்னல் வந்துச்சு. இங்கிலீசுல ரெண்டு வரி என்னமோ சொல்லிச்சு. அது எப்பவும் என்னமோ சொல்லும், யாரு படிச்சா? நான் பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டேன்: "மணமகளின் தந்தை..."

ஸ்கிரீன் நெறைய ஒரு மலைங்க.

பச்சைப் பசேல்னு ஒரு மலை. அடிவாரத்துல ஒரு ஏரி. கரையில ஒத்த மரம். மேடை அகலத்துக்கு நிக்குது! ஆளும் இல்ல, போர் வண்டியும் இல்ல, துண்டும் இல்ல.

மண்டபமே ஸ்கிரீனைப் பாக்குது. நாயனக்காரரு கூட வாயில இருந்து எடுத்துட்டு அண்ணாந்து பாக்கறாரு. "மணமகளின் தந்தை"ன்னு நான் தொறந்த வாயி தொறந்தபடி இருக்குது. மேனகா மலையப் பாக்கறா, என்னையப் பாக்கறா. அப்பத்தானுங்க அது வந்துச்சு. நான் யோசிக்கவே இல்லீங்க. தண்ணி மோட்டாரு போட்டா வர்ற மாதிரி அதுவா வந்துச்சு.

"மணமகளின் தந்தை... உயிராக நேசித்த இடம் இது. வடநாட்டில் வண்டி ஓட்டிய காலத்தில் அவர் மனதைப் பறிகொடுத்த மலை. அங்கிருந்தே அவர் தன் மகளை வாழ்த்துகிறார்!"

கை தட்டினாங்கக்கா! மண்டபமே கை தட்டுச்சு. மேனகா ரெண்டு கையையும் கூப்பி அந்த மலையக் கும்பிட்டா. கண்ணுல தண்ணி ஊத்துது. பாவாயக்கா கண்ணாடியக் கழட்டித் தலைப்புல தொடைச்சு, மறுக்காப் போட்டுட்டுப் பாத்தாங்க. நான் டக்குனு ஒரு பொத்தானை அழுத்தி அந்தப் படத்தை நிறுத்தி வெச்சுட்டேன். இல்லாட்டி அடுத்தது ஒரு மஞ்சப் பூவு வந்திருக்கும். அதுக்கும் ஒரு கதை சொல்லியிருப்பேன்.

எங்க வீட்டுக்காரரு மூச்சு வாங்க மேல வந்தாரு. ஸ்கிரீனைப் பாத்தாரு.

"என்ன புள்ள இது?"

"மலை."

"அது தெரியுது. எந்த மலை?"

"மேனகாவோட அப்பாவுக்குப் புடிச்ச மலை."

"அட கூறுகெட்டவளே, அது கம்ப்யூட்டரோட மலை!"

பொறவுதான் வெவரம் சொன்னாரு. அந்தக் கறுப்பு சன்னல் இருக்குதே, அதுக்கு நெட்வொர்க் ஃபோல்டருக்குள்ள நிக்கத் தெரியாதாமா. நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னா, ஒரு ஆளை ஒறம்பற வீட்டுக்கு, சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பி, "அங்க ஆக்கி வெச்சிருக்கறத எடுத்துப் பரிமாறு"ன்னு சொல்றோம்னு வெச்சுக்குங்க. அவன் ஒரு மாதிரி ஆளு. அந்த வீட்டுக்கு இங்கிலீசுல ஒரு எழுத்துக் குடுத்து, கதவு நம்பர் மாதிரி, இது இன்ன எழுத்து வீடுன்னு சொன்னாத்தான் உள்ள கால் வெப்பான். சும்மா போன்னு அனுப்பினா, வாசல்லயே நின்னு, "எனக்கு இங்க நிக்க எடமில்ல, நான் எம்பட வீட்டுக்கே போறேன்"னு ரெண்டு வரி சொல்லிட்டுத் திரும்பிப் போயிருவான். போனவன் கம்முனு படுத்துக்கிட்டாலும் தொந்தரவில்ல. சொன்ன வேலைய அங்க செய்வான்! அவன் வீட்டு அடுப்படியில இருக்கறத எடுத்தாந்து நம்ம பந்தியில பரிமாறிருவான். அவன் வீடுங்கறது கம்ப்யூட்டரோட சொந்த ஃபோல்டரு. அதுக்குள்ள, கடையில வாங்கறப்பவே அதோட வந்த படம் இருக்குமாமா. மலை, ஏரி, பூவு.

ராத்திரி எங்க வீட்டுக்காரரு அந்த நெட்வொர்க் ஃபோல்டருக்கு ஒரு எழுத்துக் குடுத்துட்டுத்தான் தட்டியிருக்காரு. காத்தால கரண்டு போயி வந்ததுல அந்த எழுத்துப் போயிருச்சு. "எழுத்து இருக்குதான்னு பாத்துட்டுத் தட்டுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"ன்னாரு. சொல்லியிருக்காருதான். ஆனா அந்த ஃபைலை அவரு ஒழுங்கா எழுதியிருந்தா, அதுவே எழுத்தைக் குடுத்துக்கும்ல? இப்ப ஒரு வரி சேத்து எழுதிட்டாரு. இப்ப எங்க நின்னு தட்டினாலும் சரியாத்தான் ஓடுது. இந்த ஒரு வரிய அன்னிக்கே எழுதியிருந்தா நான் இன்னிக்கு இந்த பஸ்ஸுல வருவேனா?

சிரிச்சுட்டே சொல்றாளேன்னு நெனைக்காதீங்க்கா. எம் மூஞ்சியே அப்படி. எங்கப்பன் செத்தப்பக்கூட ஒரு பெரியம்மா, "இவ ஏன் சிரிக்கறா?"ன்னு கேட்டுச்சு.

உண்மையச் சொல்றேன், அன்னிக்கு எனக்கு வெக்கமே இல்ல. பெருமைதான். பெரியப்பா வந்து, "சபைக்குத் தகுந்தாப்பல செஞ்ச அம்மிணி, செத்தவரு மூஞ்சியக் காட்டாம மலையக் காட்டினயே, அது நாகரிகம்"னாரு. நான் தலையாட்டிக்கிட்டேன். பந்தி முடிஞ்சு பாவாயக்கா பாப்பாவுக்கு ஒரு கிண்ணத்துல பாயசம் கொண்டாந்தாங்க. போட்டோவப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "நல்ல எடம் அம்மிணி"ன்னு மட்டும் சொன்னாங்க. "ஆமாங்க்கா"ன்னேன். அப்பச் சொல்லியிருக்கலாம். பாயசக் கிண்ணம் அவங்க கையில, எம் புள்ளை வாயத் தொறந்துட்டு நிக்குது. அந்த நேரத்துல எப்படிங்க சொல்றது?

ரெண்டு நாள் கழிச்சு மேனகா போன் பண்ணினா.

"அக்கா, எங்கப்பாவுக்கு அந்த மலை புடிக்கும்னு உங்ககிட்ட யாரு சொன்னது? எங்கம்மாவா?"

அடுப்புல பாலு. இடுப்புல பாப்பா. வாசல்ல சிலிண்டர்காரரு கூப்படறாரு. "ஆமா கண்ணு, அம்மாதான்"னு சொல்லிட்டு வெச்சுட்டேன். ஒரு பேச்சுக்குத்தான்.

சாயங்காலமே பாவாயக்கா போன். "அம்மிணி, அந்த மலையப் பத்தி மேனகா உங்கிட்டச் சொன்னாளா? அவங்கப்பன் அவகிட்டச் சொல்லியிருந்தாராமா?"

அம்மா சொன்னாங்கன்னு அம்மாகிட்டயே எப்படிங்க சொல்றது? "ஆமாங்க்கா, மேனகாதான் சொல்லுச்சு"ன்னேன்.

அவ்வளவுதானுங்க. ரெண்டே ரெண்டு வார்த்தை. ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். அது போயி என்ன பண்ணுச்சு பாருங்க. மேனகா, "கல்யாணமாகிப் போற வரைக்கும் எங்கிட்ட மூடி வெச்சு, கண்டவங்ககிட்ட எங்கப்பாவப் பத்திச் சொல்லியிருக்குது அந்தம்மா"ன்னு நெனைக்கறா. கண்டவங்கன்னா நான். பாவாயக்கா, "ரெண்டாப்புப் புள்ளைகிட்டச் சொன்னவரு, கட்டின பொண்டாட்டிகிட்டச் சொல்லலையே, இவளும் இத்தன வருசம் மறைச்சுட்டாளே"ன்னு நெனைக்கறாங்க. ஒருத்திக்கு ஒருத்தி, "எனக்குத் தெரியாது, நீதானே சொன்னே"ன்னு கத்தியிருக்காங்க. ரெண்டு பேரும் சொன்னது நெசம். ரெண்டு பேருக்குமே அடுத்தவ பொய் சொல்றான்னு பட்டிருக்குது. மேனகா மறுவிருந்துக்கு அம்மா வீட்டுக்கு வரவே இல்ல. பாவாயக்கா கோழி அடிச்சு ஆக்கி வெச்சுட்டு, பொழுது சாயற வரைக்கும் பாத்துட்டு, தறிக்காரங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டாங்க.

இன்னும் கேளுங்க. அத்தியப்பண்ணன் கூட வண்டியில போன கந்தப்பன்னு ஒரு பெரியவரு இருக்காரு. பாவாயக்கா அவரு வீட்டுக்கே போயி, "அந்த மாதிரி ஒரு எடம் உண்டுங்களா"ன்னு கேட்டிருக்காங்க. அந்த மனுசன் என்ன சொல்லணும்? தெரியலைன்னுதானே? "ஓ, ஏன் இல்லாம! ஏரிக்கரையில வண்டிய நிறுத்தி, அந்த மரத்தடியில சோறாக்கித் தின்னமே! அத்தியப்பன் அந்தப் பக்கம் போனா வரவே மாட்டான்"னு சொல்லியிருக்காரு.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிசம் உசுரு வந்துச்சு. எங்க வீட்டுக்காரருகிட்ட ஓடி, "பாத்தீங்களா, நெசமாவே அப்படி ஒரு எடம் இருந்திருக்குது. அப்ப நான் சொன்னது பொய்யில்ல!"ன்னேன். அவரு என்னையே பாத்தாரு. பொறவு எந்திரிச்சு, எங்க கடையில இருந்த மூணு கம்ப்யூட்டரையும் போட்டு, மூணுலயும் அந்த மலையத் தொறந்து வெச்சாரு. அப்பறம் வெளிய போறப்ப, "மாப்பிள்ளை வேலை பாக்கறது ஆபீசுல. அவரு மேசையில இருக்கறதும் இதே கம்ப்யூட்டருதான்"னுட்டுப் போயிட்டாரு.

கந்தப்பண்ணனுக்கு அப்படிப் பொய் சொல்ல என்னங்க அவசியம்? வயசான காலத்துல ஒரு பொம்பளை வந்து கேக்கறப்ப தெரியலைன்னு சொல்ல நாக்கு வரலையா? சில பேருக்கு வாயி சும்மா இருக்காதுங்க.

என்ன, ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி. நேத்துப் பாவாயக்கா மறுக்காப் போன் பண்ணினாங்க. நான் எடுக்கவே வேண்டாம்னு இருந்தேன். பாப்பாதான் போனை அமுக்கிட்டா.

"அம்மிணி, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காத. மேனகா சொன்னதுல, அவரு அந்த எடத்துல யாரோட இருந்தாருன்னு எதாவது வந்துச்சா?"

எனக்குப் புரியல. "யாரோடன்னா?"ன்னு கேட்டேன்.

"இல்ல... அப்ப ஊருக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சு. வடக்க ஒருத்தி இருக்கறான்னு. வண்டிக்காரங்க பொண்டாட்டி எல்லாத்துகிட்டயும் ஊர்க்காரங்க சொல்றதுதான. நான் நம்பல. ஒரு நாளுங்கூட நம்பல. எம் மாமியாரே சொன்னப்பவும் நம்பல. இப்ப கந்தப்பன், அந்தப் பக்கம் போனா வரவே மாட்டான்ங்கறாரு. அதான்."

பின்னால தறிச் சத்தம் கேக்குது.

"தெனமும் காத்தால தறிக்குப் போறதுக்கு முன்னால அவரு படத்துகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவேன். மகளுக்கு எடம் அமைஞ்சதைக் கூட மொதல்ல அவருகிட்டத்தான் சொன்னேன். இப்ப படத்தைத் திருப்பி வெச்சுட்டேன் அம்மிணி. என்னத்தப் பேசறதுன்னு தெரியல."

அக்கா, நான் எத்தன மண்டபத்துல மைக்குப் புடிச்சிருக்கேன். ஒரு வார்த்தை வரலீங்க எனக்கு. அந்த மனுசன் போட்டோவுல எப்படி நின்னாரு தெரியுமா? ஒரு காலைப் படியில வெச்சுக்கிட்டு, இப்பவே வீட்டுக்குக் கெளம்பறவராட்டம் நின்னாரு. செத்து மண்ணாப் போன ஆளு, வந்து இல்லைன்னு சொல்ல முடியாத ஆளு. ஏசி போட்ட மண்டபத்துல நின்னுட்டு, கை தட்டு வாங்கறதுக்கு, அவரு மேல நான் கொண்டு போயி ஒரு பொம்பளைய ஒட்ட வெச்சிருக்கேன். இந்தா, இவளுக்கு ஊட்டறப்ப கூட, "நிலா பாரு, நிலாவுல பாட்டி பாரு"ன்னு சொல்ல வந்து வாயை மூடிக்கிட்டேன். ஒரு சின்னப் பொய்யி சொல்லக்கூடப் பயமா இருக்குது.

ராத்திரி எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரு, "நான் போயிச் சொல்லட்டுமா, ஃபைல் என்னோடதுதானே"ன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. ஃபைலு மேல பழியப் போட்டது நானு. அந்த ஃபைலு பாவம், எனக்கு இங்க எடமில்லைன்னு ஒழுங்கா சொல்லிட்டுத்தானே போச்சு. அது சொன்னதை நான் படிக்கல. அப்பறம் அது ஒரு படத்தைத்தான் காட்டுச்சு. அத்தியப்பனோட எடம்னு அதுவா சொல்லுச்சு?

அதான், நானே போறேன். பாவாயக்கா வீட்டுக்கு. மேனகாவையும் வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுச் சொல்லணும், தனித்தனியாச் சொன்னா எனக்கு வாய் மாறிரும். மேனகா மொதல்ல வரமாட்டேன்னா. அம்மாவுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியாமக் கெடக்கறாங்கன்னு சொன்னதுக்கப்பறம் பஸ் ஏறிட்டா.

இல்லீங்க, காய்ச்சலெல்லாம் இல்ல. வேற எப்படிங்க வரவெக்கறது?

ஆமா... அதுவும் பொய்தான். நீங்க சொல்றது சரிதான். அதையும் சேத்துச் சொல்லிரணும். எங்க அத்தைகிட்ட, பாப்பாவுக்கு ஊசி போடப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன், அதையும் வீட்டுக்குப் போயிச் சொல்லணும். அய்யோ, எண்ண ஆரம்பிச்சா வந்துட்டே இருக்குதே.

ஒருக்காச் சொல்லிப் பாக்கறேன், சரியா இருக்குதான்னு கேளுங்க. "பாவாயக்கா, மேனகா, அந்த மலையப் பத்தி எனக்கு யாரும் சொல்லல. அது கம்ப்யூட்டர்லயே இருந்த படம். ஊர்ல இருக்கற எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்குது. உங்க வீட்டுக்காரரு படம் வரல, எனக்குப் பயமாப் போச்சு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சுருங்க. ஆனாலும் எனக்கென்னமோ, அன்னிக்கு அண்ணனே வந்துதான் அந்த மலையக் காட்டி..."

பாத்தீங்களா? பாத்தீங்களாக்கா? மறுக்காவும் வருது! அது ஆறுதலா இருக்கும்னு தோணுது பாருங்க, உடனே வந்துருது. இந்த வாயிக்கு நான் என்னத்தப் பண்றது?

கண்டக்டரு விசில் ஊதறாரே. கருங்கல்மேடு பிரிவா? எந்திரிக்கறீங்களே, நீங்களும் இங்கதான் எறங்கறீங்களா? இருங்க, செருப்பு எங்க போச்சு... பாப்பா, ஆன்ட்டி கையப் புடிச்சுக்க.

அக்கா, கோவிச்சுக்காதீங்க, ஒரே ஒரு ஒத்தாசை. வீடு பக்கந்தான், அந்தத் தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்பல. வாசல் வரைக்கும் எங்கூட வாங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம். எம் பக்கத்துல சும்மா நில்லுங்க. கம்ப்யூட்டரோட படம், மன்னிச்சுருங்க. இதுக்கு மேல நான் ஒரு வார்த்தை எடுத்தன்னா, எம் மூஞ்சியெல்லாம் பாக்காதீங்க, இந்தா இந்தக் கையில, நெகம் பதியறாப்பல ஒரு கிள்ளு கிள்ளிருங்க.